செம்மறி ரத்தமும் தர்பூசணிச் சாறும்: ஒரு மூட்டுவலிப் பரிசோதனை வந்த வழி

மூட்டுவலி என்று மருத்துவரிடம் போய்வந்தவர்களுக்கு அந்தத் தாள் நன்றாகப் பழக்கம். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., யூரிக் ஆசிட், அவற்றுக்குக் கீழே ஆர்.ஏ. ஃபேக்டர். 'ஆர்.ஏ.' என்றால் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். நம் ஊரில் முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் சொல்கிற நோய். நோயின் பெயரையே சுமந்து வருவதால், அந்த வரிக்கு நேரே 'பாசிட்டிவ்' என்று அச்சாகிவிட்டால் வீட்டில் எல்லாரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். முப்பது வயதுப் பேத்திக்கும் அதே முடிவு, எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கும் அதே முடிவு. ஆனால் ஒரே எண் அந்த இரண்டு உடம்புகளில் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. வயது ஏற ஏற, நோய் எதுவும் இல்லாதவர்களின் ரத்தத்திலும் இந்த ஃபேக்டர் தலைகாட்டத் தொடங்கும். அது ஏன் என்று புரிய, இந்தப் பரிசோதனை எங்கிருந்து புறப்பட்டு எந்தெந்த ஊர் வழியாக நம் தெருமுனை லேபுக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். அந்த வழியில் செம்மறியாடு வருகிறது, சுவருக்குப் பூசும் பெயின்ட் வருகிறது, தர்பூசணியும் வருகிறது.

தொடக்கம் முடக்குவாதத்தில் இல்லை, சிபிலிஸ் என்னும் மேகநோயில் இருக்கிறது. 1890களின் கடைசியில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல் போர்டே என்ற பெல்ஜிய விஞ்ஞானி, ஒரு விலங்கின் சிவப்பணுக்களை இன்னொரு விலங்கின் சீரம் எப்படி உடைக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீர்தான் சீரம். போர்டே கண்டுபிடித்த அந்த விளைவை எடுத்து, 1906இல் பெர்லினில் ஆகஸ்ட் ஃபான் வாசர்மன் மேகநோய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை அமைத்தார். அதில் செம்மறியாட்டின் சிவப்பணுக்கள் வேண்டும். அவற்றின் மேல் பூச, முயலின் உடம்பில் உண்டான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) வேண்டும். நோயாளியின் சீரத்தைச் சேர்த்த பிறகு அணுக்கள் உடைகின்றனவா இல்லையா என்று பார்ப்பார்கள். வாசர்மன் பரிசோதனை உலகம் முழுக்கப் பரவியது. அது போன இடமெல்லாம் செம்மறி ரத்தமும் முயல் சீரமும் கூடவே போயின. கிருமியியல் கூடம் ஒன்று இருந்தால் அங்கே ஒரு குடுவையில் ஆட்டு ரத்தமும் இருக்கும் என்ற நிலை வந்தது.

மூட்டுவலிக்காரர்களின் சீரம் அந்தக் குடுவையில் போய் விழ வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்பே ஒரு சின்னச் சம்பவம் நடந்துவிட்டது. 1922இல் குர்ட் மேயர் என்ற ஜெர்மானியர், முயல் எதிர்ப்பொருள் பூசிய ஆட்டு அணுக்களைச் சில மனிதர்களின் சீரம் பால் திரிவதுபோலக் கட்டிதட்ட வைப்பதைக் கவனித்து எழுதினார். அந்த மனிதர்களுக்கு இருந்தது முடக்குவாதம் இல்லை. கல்லீரல் சுருங்கியவர்கள், நாள்பட்ட மார்ச்சளிக்காரர்கள். இந்தச் சிறு விவரம் இந்தக் கதைக்கு மிக முக்கியம் என்று நினைக்கிறேன். பின்னாளில் முடக்குவாதத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஒரு பொருள், முதன்முதலில் கண்ணில் பட்டதே வேறு நோயாளிகளிடம்தான். மேயரின் கட்டுரையை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த தடயம் நியூயார்க்கில். ரஸ்ஸல் சிசில், எடித் நிக்கோல்ஸ், வெண்டல் ஸ்டெயின்ஸ்பி மூவரும் முடக்குவாதத்தை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிதான் உண்டாக்குகிறது என்று நம்பினார்கள். நோயாளிகளின் சீரத்தில் அந்தக் கிருமியைக் கலந்தால் அது கட்டிதட்டுகிறது என்று 1931வாக்கில் எழுதினார்கள். பார்த்தது சரி, காரணம் தவறு. நோயாளியின் சீரம் தாக்கியது கிருமியை இல்லை. கிருமியின் மேல் ஏற்கெனவே ஒட்டியிருந்த வேறு எதிர்ப்பொருளை. இதைப் புரிந்துகொள்ள உலகத்துக்கு இன்னும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

1930களின் பிற்பகுதியில் நார்வேயின் ஒஸ்லோவில் எரிக் வாலர் என்ற இளம் மருத்துவர், வாசர்மன் வழியில் வந்த அதே வகைப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். ஒரு முடக்குவாத நோயாளியின் சீரம் விழுந்த குழாயில் ஆட்டு அணுக்கள் உடைவதற்குப் பதிலாகக் கட்டிதட்டிக் கீழே இறங்கின. குழாயைக் கழுவிவிட்டு வேறு சீரம் எடுத்திருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். வாலர் விடவில்லை. வேறு முடக்குவாத நோயாளிகளின் சீரத்தையும் போட்டுப் பார்த்தார். பலரிடமும் அதே விளைவு. 1940இல் ஸ்காண்டிநேவிய இதழ் ஒன்றில் கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஹிட்லரின் படை நார்வேக்குள் நுழைந்தது. போர்க்காலத்தில் அந்தக் கட்டுரை கடல் தாண்டிப் போகவில்லை என்றே சொல்லலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம் இதே விபத்து இன்னொரு முறை நடந்தது. 1946இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக் குடியிருப்பு ஒன்றில் புதிய காய்ச்சல் பரவியது. சுண்டெலிகளின் மேல் வாழும் ஒருவகை உண்ணிதான் அதைப் பரப்பியது. ரிக்கெட்சியா அம்மை என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காய்ச்சலுக்கான வாசர்மன் வகை ரத்தப் பரிசோதனையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ரோஸ் ஈடுபட்டிருந்தார். அவருடைய கூடத்தில் வேலை செய்த ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தது. அவர் சீரத்தைச் சேர்த்தபோது ஆட்டு அணுக்கள் கட்டிதட்டின. ரோஸும், மூட்டு நோய் மருத்துவர் சார்லஸ் ராகனும், கூட்டாளிகளும் 1948இல் அதை முறையான பரிசோதனையாக வெளியிட்டார்கள். எலியின் உண்ணி கடிக்காமல் இருந்திருந்தால், ஒஸ்லோவின் கண்டுபிடிப்பு இன்னும் பல ஆண்டுகள் அலமாரியிலேயே கிடந்திருக்கக்கூடும். இருவர் பெயரையும் சேர்த்து வாலர்–ரோஸ் பரிசோதனை என்றார்கள். இன்றும் பழைய பாடப்புத்தகங்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

நல்ல சரக்கு சந்தைக்கு வந்தால் நகல் வராமல் இருக்குமா? சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் தன் கூட்டாளியோடு ஆட்டு அணு முறையைத் திருத்தித் தன் வழி ஒன்றை அமைத்தார். இவர் அந்த நாட்டில் அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியரான முதல் பெண். முடக்குவாதத்துக்கு இன்றும் எழுதித்தரப்படும் சல்ஃபாசாலஸின் மாத்திரை உருவானதும் இவருடைய முயற்சியால்தான். அமெரிக்காவில் பொசிசெவிச்சும் அவர் குழுவும் 1958இல் ஆட்டையே விட்டுவிட்டு, பென்டொனைட் என்ற களிமண் துகள்களின் மேல் எதிர்ப்பொருளைப் பூசிப் பரிசோதித்தார்கள். அதுவும் வேலை செய்தது. ஆக, ஆட்டு அணு வெறும் மேடைதான். மேலே ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள்தான் ஆட்டத்தின் நாயகன் என்பது தெளிவாகிக்கொண்டு வந்தது.

இந்த நகல்களிலெல்லாம் வென்றது ஒரு பெயின்ட் சரக்கு. மிஷிகன் மாநிலத்தின் டௌ கெமிக்கல் நிறுவனம் அப்போது செயற்கை லேடெக்ஸ் தயாரித்துக்கொண்டிருந்தது. பெயின்டில் சேர்க்க அது தேவை. 1947இல் தயாரான 580-ஜி என்ற ஒரு தொகுதியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். பாலிஸ்டைரின் மணிகள் அத்தனையும் ஒரே அளவு. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. அந்த மணிகளை நுண்ணோக்கியின் அளவுகோலாகவே பயன்படுத்தத் தொடங்கினார்கள். பிறகு நியூயார்க்கில் ஜாக் சிங்கர், சார்லஸ் பிளாட்ஸ் என்ற இருவர், 0.81 மைக்ரான் குறுக்களவு கொண்ட இப்படிப்பட்ட மணிகளின் மேல் மனித எதிர்ப்பொருளைப் பூசி, 1956இல் லேடெக்ஸ் பரிசோதனையை அறிவித்தார்கள். இனி ஆடு வேண்டாம், முயல் வேண்டாம், நாள்தோறும் புதிய ரத்தமும் வேண்டாம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு லேடெக்ஸ்; தகட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தால் சில நிமிடங்களில் விடை. குப்பியில் அடைத்து எந்த ஊருக்கும் அனுப்பலாம். பரிசோதனை பெரிய பல்கலைக்கழகங்களை விட்டு இறங்கிச் சிறிய ஊர்களின் லேபுக்கு வந்தது இந்தக் குப்பியில் ஏறித்தான். நம் ஊரில் நீண்டகாலம் ஆர்.ஏ. ஃபேக்டர் பார்த்ததும் இப்படித்தான்.

மறு ஆண்டு, 1957இல், ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஹென்றி குங்கெலும் எட்வர்ட் ஃபிராங்க்ளினும் மற்றவர்களும் அந்த ஃபேக்டர் எது என்பதையே பிடித்துவிட்டார்கள். அதுவும் ஓர் எதிர்ப்பொருள்தான், ஐஜிஎம் வகை. அது தாக்குவது வெளிக்கிருமியை இல்லை, நம் உடம்பின் சொந்த ஐஜிஜி எதிர்ப்பொருளின் வால்பகுதியை. எதிர்ப்பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள். முடக்குவாதம் உடம்பு தன்னைத்தானே தாக்குகிற நோய் என்ற எண்ணம் வலுப்பெற இந்தக் கண்டுபிடிப்பு பெரிய காரணமாக இருந்தது.

குப்பி மலிவாகிவிட்டால் எல்லார் ரத்தத்தையும் பார்க்கத் தோன்றும். நோயாளிகளை விட்டு நலமாக இருப்பவர்களைச் சோதிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. 1963இல் ஹெய்மரும் கூட்டாளிகளும் முதியவர்களின் சீரத்தில் முடக்குவாத ஃபேக்டரைப் போன்ற பொருள் இருப்பதாக எழுதினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, முதுமையில் இந்த எதிர்ப்பொருள் எவ்வளவு பேரிடம் இருக்கிறது, இருந்தால் என்ன பொருள் என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் லிட்வின், சிங்கர். ஆம், லேடெக்ஸ் குப்பியைத் தந்த அதே சிங்கர். தான் ஊருக்கெல்லாம் அனுப்பிய பரிசோதனை முதியவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று அவரே திரும்பி வந்து பார்த்திருக்கிறார். கண்டுபிடித்தவர் தன் கண்டுபிடிப்பின் எல்லையையும் தேடிப் போவது அறிவியலில் அடிக்கடி நடப்பதில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் போக்கு ஒன்றுதான். இளம் வயதில், நலமாக இருப்பவர்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவாகவே ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ். எழுபதைத் தாண்டியவர்களில் அது 10 பேர், சில ஆய்வுகளில் 25 பேர் வரை. பெரும்பாலும் அளவு குறைவாகத்தான் இருக்கும். மூட்டில் வீக்கம் இருக்காது. காலையில் எழுந்தால் விரல் மடங்காமல் மணிக்கணக்காக விறைத்திருக்கும் அந்த அடையாளமும் இருக்காது. ரத்தத்தில் மட்டும் ஃபேக்டர்.

வயது மட்டுமே காரணமும் இல்லை. 1966இல் ஹூபாவும் ஆலிசனும் வெப்ப மண்டல ஒட்டுண்ணி நோய்களோடு இந்த எதிர்ப்பொருள் சேர்ந்து வருவதைக் காட்டினார்கள். தொழுநோய், காசநோய், இதய வால்வில் கிருமி பற்றும் நோய், ஹெபடைட்டிஸ் சி என்று பட்டியல் நீண்டது. நீண்ட நாள் கிருமியோடு போராடும் உடம்பில் கிருமியும் எதிர்ப்பொருளும் பிணைந்த கொத்துகள் ரத்தத்தில் மிதக்கும். அந்தக் கொத்துகளைப் பிடித்து அப்புறப்படுத்த உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடுகளில் இந்த ஃபேக்டரும் ஒன்று. அது எப்போதும் குற்றவாளி இல்லை. பல நேரங்களில் துப்புரவு வேலையில் இருக்கும் ஆள்.

முதுமைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி, புதிய நோயெதிர்ப்பு அணுக்களுக்குப் பயிற்சி தரும் இடம். பருவ வயதுக்குப் பிறகு அது சுருங்கிக்கொண்டே வரும். புதிய அணுக்களின் வரத்து குறையும். ஆயுள் முழுக்கப் பார்த்த கிருமிகளின் நினைவைச் சுமக்கும் பழைய அணுக்கள் பெருகும். தன் உடம்பைத் தாக்கும் அணுக்களைக் களையெடுக்கும் கண்டிப்பும் தளரும். 1969இல் ராய் வால்ஃபோர்ட், முதுமையே ஓரளவுக்கு நோயெதிர்ப்பு மண்டலத்தின் குழப்பம்தான் என்று ஒரு புத்தகமே எழுதினார். 2011இல் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள், வயதான எலிகளின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் ஒருவகை பி அணுக்களை அடையாளம் கண்டன. தன்னையே தாக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்று தெரிந்தது. ஆனால் இதை நேர்கோடாக நினைத்துவிடக் கூடாது. 1992இல் இத்தாலியில் நூறு வயதைத் தொட்டு நலமாக இருந்தவர்களிடம் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடியபோது, எழுபது எண்பது வயதுக்காரர்களைவிட அவர்களிடம் அது குறைவாகவே இருந்தது.

இதற்கிடையில் பரிசோதனைக்குத் தராசுப்படி தேவைப்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் ஒன்று, நியூயார்க்கில் ஒன்று என்று எண்கள் வந்தால் எதை நம்புவது? 1970இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில், முடக்குவாத சீரத்தின் சர்வதேச மாதிரி அறிவிக்கப்பட்டது. இன்று அறிக்கையில் 'ஐ.யு.' என்று பார்க்கிறோமே, அந்த அலகு அதிலிருந்து வந்தது. பிறகு தகட்டைச் சாய்த்துக் கண்ணால் பார்த்த காலம் போய், ஒளிச்சிதறலை அளக்கும் இயந்திரங்கள் வந்தன. 'கட்டிதட்டியது' என்ற இடத்தில் '27.4' என்று தசமப் புள்ளியோடு எண் அச்சானது. எண்ணுக்கு ஒரு கோடு வேண்டும்: இதற்குக் கீழே நார்மல், மேலே பாசிட்டிவ். லேபைப் பொறுத்து 14, 15, 20 என்று அந்தக் கோடு மாறும். அதை யார் ரத்தத்தை வைத்துப் போடுகிறார்கள்? பெரும்பாலும் ரத்ததானம் செய்ய வருகிற நலமான இளையவர்கள், நடுவயதினர் ரத்தத்தை வைத்துத்தான். 1987இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பு வகுத்த நெறியும், நலமாக இருப்பவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பாசிட்டிவாக வரும்படி கோடு இருக்க வேண்டும் என்றது. அந்த நலமானவர்களுக்கு என்ன வயது என்று அது கேட்கவில்லை.

அதே தாளில் மேல்வரியில் இருக்கும் ஈ.எஸ்.ஆரைப் பாருங்கள். குழாயில் சிவப்பணு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதே அது. வயதோடு அது ஏறும் என்பது மருத்துவர்களுக்குப் பழகிய சங்கதி. 1983இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மில்லரும் கூட்டாளிகளும் அதற்கு ஓர் எளிய கணக்கே தந்தார்கள்: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10ஐக் கூட்டிப் பாதி. அதன்படி 70 வயதுப் பெண்ணுக்கு 40 வரை இருக்கலாம். ஈ.எஸ்.ஆருக்குக் கிடைத்த இந்தச் சலுகை ஆர்.ஏ. ஃபேக்டருக்குக் கிடைக்கவே இல்லை. இருபது வயதுக்கும் எண்பது வயதுக்கும் தாளில் ஒரே கோடுதான் அச்சாகிறது. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை என்பது என் உறுதியான எண்ணம். குறைந்தபட்சம் அறிக்கையின் அடியில் ஒரு வரியாவது சேர்க்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். முதியவர்கள் 1000 பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருக்கு முடக்குவாதம் இருக்கிறது. நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் வரும், ஆகவே 7 பேர். நோயில்லாத 990 பேரில் 10 சதவீதம் என்று வைத்தாலும் 99 பேர். ஆக மொத்தம் 106 பாசிட்டிவ் தாள்கள். அவற்றில் உண்மையான நோயாளிகள் 7 பேர். வலியோ வீக்கமோ இல்லாதவர்களுக்கு ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது எத்தனை வீடுகளில் தேவையில்லாத கலக்கத்தை உண்டாக்கும்! விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் விறைப்போடு வருகிற ஒருவருக்கு அதே பரிசோதனை மிகவும் பயன்படும். கேள்வி கேட்கப்படும் இடத்தைப் பொறுத்து விடையின் மதிப்பு மாறுகிறது.

முதுமை இன்னொரு பக்கமும் இழுக்கிறது. அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக முடக்குவாதம் வருகிறவர்களில் கணிசமானோருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். நோய் திடீரென்று, தோள்பட்டையில் தொடங்கலாம். பாலிமயால்ஜியா ருமேட்டிகா என்ற வேறொரு முதுமைக்கால நோயோடு மருத்துவர்களே குழம்புவதுண்டு. நோயில்லாத முதியவருக்குப் பாசிட்டிவ், நோயிருக்கும் முதியவருக்கு நெகட்டிவ். இரண்டு பக்கமும் தாள் ஏமாற்றக்கூடிய வயது அது.

இனி, இந்த ஏமாற்றைக் குறைக்க வந்த வேறொரு பரிசோதனைக்கு வழிவிட்ட தர்பூசணி. 1914இல் ஜப்பானில் கோகா, ஒடாகே என்ற இருவர் தர்பூசணிச் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1930இல் மிட்சுனோரி வாடா அது ஓர் அமினோ அமிலம் என்று நிறுவி, தர்பூசணியின் லத்தீன் பெயரான சிட்ருல்லஸிலிருந்து சிட்ருலின் என்று பெயரிட்டார். இரண்டே ஆண்டில் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸ், நம் கல்லீரல் யூரியா உண்டாக்கும் சுழற்சியில் இந்தச் சிட்ருலின் ஒரு படிக்கட்டு என்று காட்டினார். ஆனாலும் உடம்பின் புரதங்களுக்குள் அது இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. புரதம் கட்டும் மரபுக் குறியீட்டில் சிட்ருலினுக்கு இடமே கிடையாது. 1958இல் ஆஸ்திரேலியாவில், கம்பளி ஆராய்ச்சியில் இருந்த ஜார்ஜ் ராஜர்ஸ் அதை மயிர்க்காலின் புரதத்தில் கண்டார். ஆட்டு ரத்தத்தில் தொடங்கிய கதை ஆட்டு ரோமத்தின் பக்கமும் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதி பின்னால் வந்து மாற்றுவதால்தான் புரதத்துக்குள் சிட்ருலின் உண்டாகிறது என்பது பின்னர் தெளிந்தது.

1964இல் நெதர்லாந்தின் நீன்ஹூயிஸ், மண்டெமா இருவரும் கன்னத்தின் உட்பக்கத்தைச் சுரண்டி எடுத்த செல்களின் மேல் முடக்குவாத நோயாளிகளின் சீரத்தைப் போட்டார்கள். செல்லின் கருவைச் சுற்றி ஒளிப்புள்ளிகள் மின்னின. வாலர்–ரோஸைவிடக் குறி தவறாத பரிசோதனை அது. ஆனால் எல்லார் கன்னத்துச் செல்லும் உதவாது. தகுந்த கன்னக்காரரைத் தேடிப்பிடிக்க வேண்டும். 1979இல் பிரிட்டனில் ஒரு குழு எலியின் உணவுக்குழாய்ச் சீவலை வைத்து இன்னொரு பரிசோதனை செய்தது. இரண்டுமே லேடெக்ஸ் குப்பியின் சௌகரியத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் ஆய்வகத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. 1990களில் பிரான்ஸின் துலூஸ் நகரத்தில், கன்னச் செல்லும் எலிக்குழாயும் காட்டியது ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் என்று கண்டுபிடித்தார்கள். குறி, ஃபிலாகிரின் என்ற தோல் புரதம். 1998இல் நெதர்லாந்தின் நைமேகனில் ஷெல்லக்கென்ஸ், ஃபான் வென்ரோய் குழு கடைசி முடிச்சையும் அவிழ்த்தது. அந்த எதிர்ப்பொருள் தேடுவது சிட்ருலினை. அமினோ அமிலச் சங்கிலியை வளையமாக்கி 2000இல் அவர்கள் உருவாக்கிய பரிசோதனைதான் இன்று ஆன்டி-சி.சி.பி. என்று அறிக்கையில் வருவது.

நோயாளிகளில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்று பார்த்தால் ஆர்.ஏ. ஃபேக்டருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே 70 சதவீதத்துக்கு அருகில். நோயில்லாதவரை விட்டுவிடுவதில்தான் வேறுபாடு: ஆர்.ஏ. ஃபேக்டர் சுமார் 85 சதவீதம், ஆன்டி-சி.சி.பி. 95 சதவீதம். வயதான நலமானவர்களிடம் அது ஆர்.ஏ. ஃபேக்டரைப்போல ஏறிவிடுவதில்லை. ஆகவே ஒரு முதியவருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் கொஞ்சம் கூடுதலாக வந்து, ஆன்டி-சி.சி.பி. இல்லாமல், மூட்டில் வீக்கமும் இல்லாமல் இருந்தால், அவர் தாளை மடித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். முடக்குவாதத்தை அடையாளம் காண 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த நெறியில் இரண்டு பரிசோதனைக்கும் மதிப்பெண் உண்டு. கோட்டுக்கு மூன்று மடங்கு மேலே போனால் மதிப்பெண் கூடும். வீங்கிய மூட்டு ஒன்றாவது இருந்தால்தான் அந்தக் கணக்கையே தொடங்க முடியும்.

அதற்காக ஆர்.ஏ. ஃபேக்டரை ஒதுக்கித் தள்ளுவதும் நியாயமில்லை. ஆம்ஸ்டர்டாமில், பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்கள் நலமாக இருந்த காலத்தில் கொடுத்த தானரத்தம் உறைபெட்டியில் இருந்தது. 2004இல் அதை எடுத்துப் பார்த்தபோது, நோய் தொடங்குவதற்குச் சராசரியாக நாலரை ஆண்டு முன்பே, சிலருக்குப் பதினான்கு ஆண்டு முன்பே எதிர்ப்பொருள்கள் தெரிந்தன. 2012இல் கோபன்ஹேகனில் 9,712 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளிவந்தது. ஆர்.ஏ. ஃபேக்டர் 100ஐத் தாண்டியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 26 மடங்கு வரை கூடியிருந்தது. அதிலும் 50 முதல் 69 வயதுக்குள் இருந்த, புகைபிடிக்கும் பெண்களில் 32 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுக்குள் நோய் வரலாம் என்று கணக்கிட்டார்கள். எண் எவ்வளவு, வயது எவ்வளவு, புகைப்பழக்கம் உண்டா என்ற மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் இப்படி ஒரு விடை கிடைக்கும்.

நோயை உறுதிசெய்ய வந்த பரிசோதனை இப்போது நோயை முன்கூட்டிச் சொல்லும் வேலைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 2024இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் முடக்குவாதம் இன்னும் தொடங்காத 213 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு அபடாசெப்ட் என்ற ஊசி மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் மருந்து எடுத்தவர்களில் 6 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்தது. மருந்தை நிறுத்தி இன்னும் ஓராண்டு போனபோது அது 25க்கும் 37க்குமாக நெருங்கிவிட்டது. அந்த ஆய்வில் சேர மூட்டுவலி இருக்க வேண்டும். சிட்ருலினைத் தேடும் எதிர்ப்பொருளோடு ஆர்.ஏ. ஃபேக்டரும் இருக்க வேண்டும், இல்லையென்றால் முதலாவது மட்டுமாவது மிக உயர்ந்த அளவில் இருக்க வேண்டும். ஆர்.ஏ. ஃபேக்டர் மட்டும் பாசிட்டிவ் என்று தாளோடு வருகிறவரை அதில் சேர்த்துக்கொள்ளவில்லை.